‘ஒத்தைக்கு ஒத்தை’யில் தடுக்கவே முடியாத கரிஞ்சா: கால்பந்து பழகும் சிறுவர்களுக்கு அவர் வாழ்க்கையில் என்ன பாடம்?

சிறுவர்கள் கால்பந்து பழகும் மைதானங்களில் அடிக்கடி கேட்கும் சத்தம் ஒன்று உண்டு. எதிரே நிற்கும் பையனைத் தாண்டிப் போகப் பார்க்கும் சிறுவனை, பாஸ் பண்ணச் சொல்லி வெளியிலிருந்து பெரியவர்கள் கத்துவார்கள். தாண்டப் போய்ப் பந்தைப் பறிகொடுத்துவிட்டால் திட்டு நிச்சயம்.

ஆனால், ஒருவருக்கு எதிராக ஒருவர் மோதும் அந்த ‘ஒத்தைக்கு ஒத்தை’ நொடிகள்தான் பல ஆட்டங்களின் முடிவை மாற்றுகின்றன. அந்த மோதலில் கால்பந்து வரலாறே தனி இடம் கொடுத்திருக்கும் ஒருவர், பிரேசிலின் கரிஞ்சா. பீலேவோடு சேர்ந்து 2 உலகக் கோப்பைகளை வென்றவர். இத்தனைக்கும் அவர் செய்தது பெரும்பாலும் ஒரே ஒரு அசைவுதான். அது எப்படி எல்லோரிடமும் பலித்தது? அதிலிருந்து சிறுவர்கள் எதைக் கற்றுக்கொள்ளலாம்?

யார் இந்த கரிஞ்சா?

இயற்பெயர் மனுவேல் பிரான்சிஸ்கோ டோஸ் சாண்டோஸ். 1933 அக்டோபர் 28 அன்று ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் பாவ் கிராண்டே என்ற ஊரில் பிறந்தார். ஊரே ஒரு துணி ஆலையை நம்பி வாழ்ந்தது. அவரும் 14 வயதில் அதே ஆலையில் வேலைக்குப் போனார். உருவத்தில் சின்னவராக இருந்ததால், ஒரு குட்டிப் பறவையின் பெயரை வைத்து அக்கா கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. அந்தப் பறவைதான் ‘கரிஞ்சா’.

பிறவியிலேயே முதுகெலும்பில் கோணல். வலது கால் உட்பக்கமாகவும் இடது கால் வெளிப்பக்கமாகவும் வளைந்திருந்தன. இடது கால் சுமார் 6 செ.மீ. குட்டை. இந்தக் கால்களை வைத்துக்கொண்டு ஒருவர் கால்பந்து ஆடுவார் என்று எந்த டாக்டரும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் பாவ் கிராண்டேயில் அவர் ஆடுவதை அது தடுக்கவில்லை. நண்பர்களோடு மணிக்கணக்கில் ஆடினார், ஒவ்வொருத்தராகத் தாண்டிப் பார்த்தார், பந்தை இழந்தார், மறுபடியும் தாண்டினார். இந்த மோதலில் யார் கையும் பிடித்துச் சொல்லிக்கொடுக்க முடியாத பகுதி இப்படித்தான் ஒருவருக்கு வரும்.

வாழ்க்கையை மாற்றிய முதல் மோதல்

1953-ல் ரியோவின் போட்டாஃபோகோ கிளப்புக்குத் தேர்வு ஆட்டம் ஆட வந்தார். அவருக்கு எதிரே நிறுத்தப்பட்டவர் நில்டன் சாண்டோஸ். அப்போதே தேசிய அணிக்கு ஆடிக்கொண்டிருந்த லெஃப்ட் பேக், உலகின் சிறந்த டிஃபெண்டர்களில் ஒருவர். வளைந்த கால்களோடு வந்த ஆலைத் தொழிலாளி, அவரைத் திரும்பத் திரும்பத் தாண்டினார். அவர் கால்களுக்கு நடுவிலேயே பந்தை உருட்டிவிட்டுப் போனார் என்றும் சொல்வார்கள்.

அவமானப்பட்ட டிஃபெண்டர் என்ன செய்தார் தெரியுமா? இந்தப் பையனை உடனே ஒப்பந்தம் செய்யச் சொல்லி கிளப்பைக் கேட்டுக்கொண்டார். இவன் எதிரணியில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பாடு திண்டாட்டம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அதே ஆண்டு கரிஞ்சா தன் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்திலேயே 3 கோல் அடித்தார்.

அந்த ஒரே அசைவு எது?

வலது விங்கில் பந்து வரும். டிஃபெண்டருக்கு எதிரே போய் கரிஞ்சா நின்றுவிடுவார். ஆமாம், ஓடமாட்டார், நிற்பார். அவர் நின்றால் டிஃபெண்டரும் நின்றாக வேண்டும். பிறகு உடம்பை இடதுபக்கம் சாய்ப்பார், பந்து அசையாது. டிஃபெண்டரின் எடை அந்தப் பக்கம் சாய்ந்த அதே நொடியில், வலதுபக்கம் பந்தைத் தட்டிக்கொண்டு பாய்வார். பெரும்பாலும் வலதுபக்கம்தான் போவார் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போது போவார் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

இதில் கோச்சுகள் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் இவை:

1. விதவிதமான ‘ட்ரிக்’ தேவையில்லை. நன்றாகப் பழகிய ஒன்றிரண்டு அசைவுகள் போதும்.

2. பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. எதிராளியின் இடுப்பும் பாதங்களும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

3. வேகத்தைவிட வேக மாற்றம் முக்கியம். மெதுவாக வந்து சட்டென்று பாய்கிறவனைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

4. தாண்டிய பிறகு என்ன? கிராஸ், ஷாட், பாஸ் என ஏதாவது ஒன்றில் முடிய வேண்டும்.

இந்த நான்காவது பாடத்தை கரிஞ்சாவே கொஞ்சம் தாமதமாகத்தான் கற்றார். 1958 உலகக் கோப்பைக்கு முன் இத்தாலியின் ஃபியோரென்டினா கிளப்புக்கு எதிரான ஆட்டத்தில், கோல்கீப்பர் வரை தாண்டியவர், காலியான கோலுக்கு முன்னால் நின்று, ஓடிவந்த இன்னொருவரையும் ஏமாற்றிவிட்டுத்தான் பந்தை உள்ளே தள்ளினார். ரசிகர்களுக்குக் கொண்டாட்டம், பிரேசில் முகாமில் கடுப்பு. பொறுப்பில்லாதவர் என்ற பெயர் வந்தது. அணியோடு இருந்த உளவியல் நிபுணரின் சோதனையிலும் அவருக்குக் குறைந்த மதிப்பெண்தான். உலகக் கோப்பையின் முதல் 2 ஆட்டங்களில் அவர் இல்லை.

மூன்றாவது ஆட்டம், ஜூன் 15, சோவியத் யூனியனுக்கு எதிராக. கரிஞ்சாவும் 17 வயது பீலேவும் சேர்ந்து இறங்கினார்கள். தொடங்கிய வேகத்தில் கரிஞ்சா தன் டிஃபெண்டரைத் தாண்டி அடித்த பந்து கம்பத்தில் பட்டது. பீலே அடித்ததும் கம்பத்தில். 3-வது நிமிடத்தில் வாவா கோல். பிரேசில் 2-0 என வென்றது. ஸ்வீடனுக்கு எதிரான இறுதிப் போட்டியில் முதலில் பின்தங்கிய பிரேசில் 5-2 என ஜெயித்தது. அதில் வாவாவின் 2 கோல்களும் கரிஞ்சா வலதுபக்கம் தாண்டிப் போய்க் கொடுத்த பந்துகளில் வந்தவை. இப்போது தாண்டுவதற்கு ஒரு முடிவு இருந்தது.

அவரை எப்படித் தடுத்திருக்க வேண்டும்?

ஒத்தைக்கு ஒத்தையில் டிஃபெண்ட் செய்யச் சிறுவர்களுக்குச் சொல்லித்தரும் அடிப்படை இதுதான்: வேகமாக நெருங்கு, கடைசி சில அடிகளில் வேகத்தைக் குறை. முழங்காலை மடக்கி, உடம்பைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, கை நீட்டும் தூரத்தில் நில். கண் பந்தின் மேல் இருக்கட்டும். அவசரப்பட்டுக் காலை விடாதே. கோலிலிருந்து தள்ளி, கோட்டுப் பக்கமாக அவனை ஒதுக்கு. அவன் பந்தைக் கொஞ்சம் தூரமாகத் தட்டும்போது பாய்.

கரிஞ்சாவிடம் இதில் ஒரு சிக்கல். கோட்டுப் பக்கம் ஒதுக்கினால், அவர் போக விரும்பும் இடமே அதுதான்! அதனால் அணிகள் இரண்டாவது, மூன்றாவது ஆளைத் துணைக்கு அனுப்பின. அப்போது வேறெங்கோ ஒரு பிரேசில் வீரர் தனியாக நிற்பார். ஒருவரைத் தாண்டும் திறமை அணிக்கே இடம் திறந்துகொடுக்கிறது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை.

1962-ல் சிலியில் இதை உலகமே பார்த்தது. 2-வது ஆட்டத்தில் காயம்பட்ட பீலே அதோடு வெளியேற, மொத்த பாரமும் கரிஞ்சா மேல். காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 2 கோல், அரையிறுதியில் சிலிக்கு எதிராக 2 கோல். அரையிறுதியில் ஆட்டம் முழுக்க உதைபட்டவர், பொறுமையிழந்து திருப்பி உதைத்து வெளியேற்றப்பட்டார். ஆனாலும் இறுதிப் போட்டியில் ஆட அனுமதி கிடைத்தது. காய்ச்சலோடு ஆடினார். செக்கோஸ்லோவாக்கியாவை 3-1 என வென்று பிரேசில் மீண்டும் கோப்பையை எடுத்தது.

மைதானத்துக்கு வெளியே

ஆட்டத்தில் அவ்வளவு பேரைத் தாண்டியவருக்கு வெளியே காவலாக யாரும் இல்லை. தொகை எழுதாத ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். முழங்கால் தேய்ந்தபோது, ஊசி போட்டு வலியை அமுக்கிக்கொண்டு ஆடினார். கரிஞ்சா இறங்கினால்தான் டிக்கெட் விற்கும் என்பதால் ஓய்வு கிடைக்கவில்லை. 1966 உலகக் கோப்பையில் ஹங்கேரியிடம் 3-1 என பிரேசில் தோற்றது. தேசிய அணிக்காக ஆடிய 50 ஆட்டங்களில் அவர் கண்ட ஒரே தோல்வி அது. அதுவே அவரது கடைசி ஆட்டமும்கூட.

குடி அவரை விடவில்லை. 1969-ல் அவர் ஓட்டிய கார் லாரியில் மோதி, உடன் வந்த மாமியார் இறந்தார். மனைவியான பாடகி எல்சா சோரெஸை அவர் அடித்ததும் வரலாற்றில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடத் தேவையில்லை. 1983 ஜனவரி 20 அன்று, 49 வயதில், குடியால் சீரழிந்த உடலோடு ரியோவில் இறந்தார். மக்களின் மகிழ்ச்சி என்று பிரேசில் கொண்டாடிய மனிதரின் உடல் மரக்கானா மைதானத்தில் வைக்கப்பட்டது. பிறகு சொந்த ஊர்ப் பக்கமே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

சரி, நம்ம பிள்ளைகளுக்கு?

பயிற்சிக்குப் பெரிய மைதானம் வேண்டாம். சுமார் 10 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளத்தில் ஒரு கட்டம், இரு பக்கமும் சின்ன கோல். இரண்டு பேர், ஒரு பந்து. ஒவ்வொரு மோதலும் சில நொடிகளில் முடிந்துவிடும், அடுத்த ஜோடி வரும். தாண்டுகிறவரும் தடுக்கிறவரும் மாறி மாறி ஆட வேண்டும். தடுத்துப் பார்த்தவனுக்குத்தான் எந்த நொடியில் தான் ஏமாந்தோம் என்பது தெரியும், அது தாண்டும்போது கைகொடுக்கும்.

பந்தை இழந்தால் திட்டாதீர்கள். சொந்த கோலுக்கு முன்னால் நின்று தாண்டப் பார்ப்பது ஆபத்து, எதிரணிப் பக்கம் முயல்வது தப்பே இல்லை என்று சொல்லிக்கொடுத்தால் போதும். அதோடு, வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் உட்கார வையுங்கள். கரிஞ்சாவுக்கு யாரும் செய்யாதது அதுதான்.