113 பக்க வாதம்

வழக்குரைஞர் என்றதும் நீதிமன்றத்தில் கணீரென ஒலிக்கும் குரலே நம் நினைவுக்கு வருகிறது. திரைப்படங்கள் செய்த உபகாரம் அது. மேல்முறையீட்டு மன்றங்களிலோ, முன்கூட்டியே தாக்கல் செய்யப்படும் எழுத்துபூர்வ வாதமே பல வழக்குகளின் போக்கைத் தீர்மானிக்கிறது. அந்த எழுத்துக்குப் புதிய இலக்கணம் வகுத்தவர் என்று நான் கருதுவது அமெரிக்க வழக்குரைஞர் லூயிஸ் பிராண்டைஸை.

1856-இல் கென்டக்கி மாகாணத்தின் லூயிவில் நகரில் பிறந்தவர் அவர். ஹார்வர்டு சட்டப் பள்ளியில் பயின்றபோது கண்பார்வை நலிந்தது. சக மாணவர்கள் பாடங்களை உரக்கப் படிக்க, கேட்டே மனதில் இருத்தி, 1877-இல் முதல் மாணவராகத் தேறினார். பாஸ்டனில் நண்பர் சாமுவேல் வாரனுடன் தொழில் நடத்திப் பெரும் செல்வம் ஈட்டினார். கட்சிக்காரரின் சட்டச் சிக்கலோடு நில்லாமல், அவருடைய தொழிலையும் கற்றறிந்த பிறகே ஆலோசனை கூறுவார். பின்னாளில் பொதுநல வழக்குகளுக்கு ஊதியம் பெற மறுத்தார்.

1905-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. ரொட்டித் தொழிலாளர்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 10 மணியாக வரையறுத்த நியூயார்க் சட்டம், ஒப்பந்தச் சுதந்திரத்தில் குறுக்கிடுவதால் செல்லாது என்றது. அடுப்படியில் வேகும் கூலிக்காரருக்கும் முதலாளிக்கும் இடையே என்ன ஒப்பந்தச் சுதந்திரம் இருந்துவிட முடியும்? ஒரே ஒரு நீதிபதியின் பெரும்பான்மையில் வந்த தீர்ப்பு அது. ஆனாலும் நாடெங்கும் தொழிலாளர் சட்டங்கள் ஆட்டம் கண்டன.

அதே ஆண்டு ஆரிகன் மாகாணத்தின் போர்ட்லாந்து நகரில், ஒரு பெண்ணிடம் 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கிய சலவையக உரிமையாளர் கர்ட் முல்லருக்கு 10 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் உச்சநீதிமன்றம் வரை சென்றார். மாகாணத்தின் சட்டத்தைக் காக்க முனைந்த தேசிய நுகர்வோர் சங்கத்தின் புளோரன்ஸ் கெல்லியும் ஜோசபின் கோல்டுமார்க்கும் முதலில் நாடிய புகழ்பெற்ற வழக்குரைஞர் ஜோசப் சோட் கைவிரித்துவிட்டார். பிராண்டைஸ் ஏற்றார். கோல்டுமார்க் அவருடைய மனைவியின் சகோதரி.

முன்தீர்ப்புகள் எதிராக இருந்தன. எனவே அவர் கேட்டது சட்ட நூல்களை அல்ல, உண்மைத் தகவல்களை. கோல்டுமார்க்கும் துணைவர்களும் இரண்டே வாரங்களில் நூலகங்களைத் துருவினர். தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகள், மருத்துவர்களின் சாட்சியங்கள், ஐரோப்பிய நாடுகளின் சட்டங்கள் எனத் திரண்டது 113 பக்க வாதம். அதில் சட்ட விவாதம் ஏறத்தாழ இரண்டு பக்கங்களே. மற்றவை முழுவதும், நெடுநேரம் நின்று உழைக்கும் உடல் என்ன ஆகிறது என்பதுதான்.

1908 பிப்ரவரியில் ஒருமனதாகச் சட்டம் நிலைநிறுத்தப்பட்டது. தீர்ப்பை எழுதிய நீதிபதி டேவிட் புரூவர், ரொட்டித் தொழிலாளர் வழக்கில் எதிரணியில் நின்றவர். அவரே தம் தீர்ப்பில் பிராண்டைஸின் வாதத்தைப் பெயர் சுட்டிக் குறிப்பிட்டார்.

இந்த வெற்றியை முழு மனதோடு கொண்டாட என்னால் இயலவில்லை. அந்தப் பக்கங்கள், பெண்ணுடல் இயல்பிலேயே வலுவற்றது, தாய்மைக்கென்றே காக்கப்பட வேண்டியது என்ற கருத்தின்மீது எழுப்பப்பட்டவை. இன்றைய ஆய்வு நெறிகளை அவற்றில் பல தாங்கா. 1924-இல், பெருநகர உணவகங்களில் பெண்கள் இரவு வேலை செய்வதைத் தடுத்த நியூயார்க் சட்டத்தையும் அதே நீதிமன்றம் ஏற்றது. பாதுகாப்பு என்ற பெயரில் பலருக்குப் பிழைப்பு போயிற்று. 1908-இல் வேறு வாதம் வென்றிருக்குமா என்று கேட்டால், வென்றிராது என்றே நினைக்கிறேன். ஆனால், சலவையகப் பெண் அன்று மாலை சற்று முன்னதாக வீடு திரும்பியதற்கு அவளுடைய பேத்திகள் விலை கொடுத்தார்கள்.

1916-இல் அதிபர் உட்ரோ வில்சன் அவரை உச்சநீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். நான்கு மாதக் கடும் எதிர்ப்புக்குப் பின், 47-க்கு 22 என்ற வாக்குகளில், அந்த மன்றத்தின் முதல் யூத நீதிபதியானார். வாதங்களை எழுதியவர் இப்போது பிறர் எழுதியவற்றைப் படிக்கும் இருக்கையில், 1939 வரை. தம் மன்றத்துக்கு வரும் எழுத்துபூர்வ வாதங்களின் பிரதிகள் லூயிவில் பல்கலைக்கழகச் சட்ட நூலகத்துக்குப் போய்ச் சேர அவர் ஏற்பாடு செய்தார். 1941-இல் மறைந்த அவருடைய சாம்பலும் அந்தச் சட்டப் பள்ளியின் முகப்பு மண்டபத்தின் கீழேதான் இருக்கிறது.