கோலிக்குண்டும் அணுகுண்டும்

கோலி விளையாடுவீர்கள்தானே? நீங்கள் ஐந்து குண்டு ஜெயித்தால், உங்கள் நண்பன் ஐந்து குண்டு தோற்கிறான். உங்கள் லாபம் அப்படியே அவனுக்கு நஷ்டம். இதை வைத்து ஒரு புதிய கணிதத்தையே உருவாக்கியவர் ஜான் வான் நியூமன்.

1903 டிசம்பர் 28-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். சிறுவயதிலேயே எட்டு இலக்க எண்களை மனக்கணக்காக வகுப்பாராம். நமக்குப் பேப்பர், பேனா இருந்தாலே தலை சுற்றும்!

இருவர் மட்டும் மோதும் இப்படிப்பட்ட ஆட்டத்தில், எதிராளி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் நம் நஷ்டத்தை ஓர் அளவுக்குள் நிறுத்த வழி உண்டு என்று 1928-ல் நிரூபித்தார். 1944-ல் ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னுடன் சேர்ந்து இதைப் பெரிய புத்தகமாக்கினார். ஆட்டக் கோட்பாடு பிறந்தது.

அதற்குள் அவர் அமெரிக்காவில் குடியேறிவிட்டார். பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைன் இருந்த அதே ஆய்வு நிலையத்தில் வேலை. இரண்டாம் உலகப்போரின்போது அணுகுண்டு தயாரிப்பிலும் கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

1949-ல் ரஷ்யாவும் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. இனி என்ன செய்வது? ரஷ்யா பலம் பெறுவதற்குள் அமெரிக்கா முந்திக்கொண்டு தாக்கிவிட வேண்டும் என்பது நியூமனின் கருத்து. அவ்வளவு பெரிய மேதையா இப்படி நினைத்தார்? ஆமாம். நல்லவேளை, அமெரிக்கா அப்படிச் செய்யவில்லை.

ஏனென்றால் இது கோலி ஆட்டம் அல்ல. சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். பட்டாசு ஆலைகளில் அறைகளைத் தள்ளித் தள்ளித்தான் கட்டுவார்கள். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக்கூடாது அல்லவா? அமெரிக்காவும் ரஷ்யாவுமோ ஒரே மருந்து அறைக்குள் ஆளுக்கொரு தீக்குச்சியோடு நின்றன. யார் உரசினாலும் இருவரும் காலி!

1950-ல் வேறு இரு கணித அறிஞர்கள் இன்னொரு வகை ஆட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். எதிரெதிரே இரண்டு பட்டாசுக் கடைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாய்ப் பெட்டியை ஒருவர் 80-க்குக் கொடுத்தால் கூட்டம் முழுதும் அவரிடம் போகும். உடனே மற்றவரும் குறைப்பார். கடைசியில் இருவருக்கும் லாபம் குறையும். இருவருமே குறைக்காமல் இருந்தால் நல்லது. ஆனால் மற்றவரை எப்படி நம்புவது? குண்டுகளைக் குவித்த இரு வல்லரசுகளின் சிக்கலும் இதேதான்.

நியூமனுக்கு 1955-ல் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. 1957 பிப்ரவரி 8-ல், 53 வயதில் இறந்தார்.

1962 அக்டோபரில், கியூபாவில் ரஷ்யா ஏவுகணைகளை வைத்தபோது தீக்குச்சி உரசப்படும் நிலை வந்தேவிட்டது. கென்னடியும் குருஷேவும் கடிதம் எழுதிக்கொண்டு, ஆளுக்கு ஓர் அடி பின்வாங்கினார்கள். அந்தக் கடிதங்கள் போய்ச்சேரவே மணிக்கணக்கில் ஆனது. அதனால் 1963-ல் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நடுவே நேரடி இணைப்பு ஒன்று போட்டார்கள். சினிமாவில் வருவதுபோல் சிவப்பு டெலிபோன் அல்ல. செய்தியைத் தட்டச்சு செய்து அனுப்பும் டெலிபிரிண்டர்!