கொசுவைப் படித்து உயிர் காத்த டாக்டர் வாட்சன்



நம் பிள்ளைகளுக்கு இன்று மலேரியா என்பது பள்ளிப் புத்தகத்தில் வரும் ஒரு சொல். நம் பாட்டன், பாட்டி காலத்திலோ அது லயத்துக்கு லயம் ஒப்பாரி கேட்ட கதை. குளிர்காய்ச்சல் என்று சொல்லி, கம்பளியைப் போர்த்திப் படுத்து, கசக்கும் கொய்னாவை விழுங்கிவிட்டு, மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு ஓடியவர்கள் அவர்கள். ஓட முடியாதவர்களுக்கு அன்றையப் பேர் கிடையாது, சம்பளமும் கிடையாது. எழுந்திருக்கவே முடியாமல் போனவர்களைத் தோட்டத்து மூலையில் புதைத்தார்கள்.

1911ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று போதும். ஐக்கிய மலாய் மாநிலத் தோட்டங்களில் அவ்வாண்டு வேலை செய்தவர்கள் 143,614 பேர். அந்த ஒரே ஆண்டில் மாண்டவர்கள் 9,040 பேர். ஆயிரத்துக்கு ஏறக்குறைய 63 பேர்! வயிற்றுப்போக்கு, கொக்கிப்புழு என்று வேறு நோய்களும் இருந்தன. ஆனாலும் ஆளை அதிகமாக அடித்துப் போட்டது மலேரியாதான். அந்த மலேரியாவை நம் தோட்டங்களிலிருந்து விரட்ட வழி கண்ட ஒரு மனிதரின் வாழ்க்கையை இந்த வாரம் பார்ப்போம். அவர் பெயர் டாக்டர் மால்கம் வாட்சன்.

கிள்ளானுக்கு வந்த இளம் டாக்டர்

வாட்சன் 1873இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1900இல் மலாயா அரசாங்க மருத்துவச் சேவையில் சேர்ந்து, 1901 ஜனவரியில் கிள்ளானுக்கு வந்தார். அப்போது அவருக்கு 27 வயது.

அவர் வந்த கிள்ளானில் ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது. சின்னஞ்சிறு ஊர், சுற்றிலும் சதுப்பும் காடும். வீட்டுக்கு வீடு காய்ச்சல். பக்கத்திலேயே போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்று நாம் போர்ட் கிள்ளான் என்று அழைக்கும் இடம், 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களுக்குள் அங்கே வேலைக்குப் போனவர்கள் வரிசையாகப் படுத்துவிட்டார்கள். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்க ஆள் இல்லை. பெரும் பணம் போட்டுக் கட்டிய துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது.

மலேரியா கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அனோஃபிலிஸ் என்னும் கொசு இனமே நோயைச் சுமக்கிறது என்பது அதன்பிறகு உறுதிப்பட்டது. வாட்சன் கிள்ளானுக்கு வந்தபோது இந்தச் செய்திக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை. பெரிய டாக்டர்களில் பலர் இதை நம்பவில்லை. நம்பியவர்களும், கொசுவை ஒழிப்பது நடக்கிற காரியமா என்று சிரித்தார்கள்.

வாட்சன் சிரிக்கவில்லை. சிலாங்கூர் மாநிலத் தலைமை மருத்துவராக இருந்த டாக்டர் டிராவர்ஸ் துணை நின்றார். சதுப்பு நிலத்தை வடிகால் வெட்டிக் காய வைத்தார்கள். காட்டை வெட்டினார்கள். பள்ளத்தை மூடினார்கள். கடல்நீர் ஏறாமல் வரப்புக் கட்டினார்கள். 1901இல் கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 582 பேர் இறந்திருந்தார்கள். 1902இல் அது 144. 1903இல் 115. துறைமுகம் பிழைத்தது. கொசுவை ஒழித்து மலேரியாவை அடக்கலாம் என்று உலகுக்குக் காட்டிய முதல் சில ஊர்களில் நம் கிள்ளானும் ஒன்று ஆயிற்று.

மலைத்தோட்டம் கொடுத்த பாடம்

இதற்குள் ரப்பர் காலம் பிறந்துவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாக நம்மவர்கள் வந்து இறங்கினார்கள். காட்டை அழித்துக் கன்று நட்டார்கள். நட்டவர்களில் எத்தனையோ பேர் அந்த மரத்தில் பால் வடிவதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள்.

வாட்சன் அரசாங்க வேலையை விட்டுத் தோட்ட டாக்டர் ஆனார். தோட்டம் தோட்டமாகப் போனார். மலேரியா பல முறை வந்தால் மண்ணீரல் வீங்கும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆகவே லயத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையின் வயிற்றையும் தொட்டுப் பார்த்து எழுதிக்கொண்டார். லயம் காட்டிலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் தண்ணீர் பக்கத்தில் ஓடுகிறது என்பதையும் கூடவே குறித்தார்.

கடலோரச் சமதரைத் தோட்டங்களில் கணக்குச் சரியாக வந்தது. காட்டோரத்து லயத்தில் காய்ச்சல் அதிகம். காட்டை வெட்டி வடிகால் போட்ட இடத்தில் காய்ச்சல் குறைவு. ஆனால் உள்ளே, மலைச்சரிவுத் தோட்டங்களில் கதை தலைகீழாகப் போயிற்று. அங்கேயும் காட்டை வெட்டினார்கள், ஓடையைச் சுத்தம் செய்தார்கள். காய்ச்சலோ குறையவில்லை, கூடிற்று!

இது ஏன்? இந்த முடிச்சை அவிழ்த்ததுதான் வாட்சனின் பெரிய வேலை. கொசு என்றால் எல்லாம் ஒரே கொசு அல்ல. சமதரைக் காட்டில் நோய் பரப்பியது அம்புரோசஸ் என்ற வகை. அதற்கு நிழல் வேண்டும்; மரத்தடியில் தேங்கிய கறுப்புத் தண்ணீர் வேண்டும். காட்டை வெட்டி வெயில் பட விட்டால் அது ஒழிந்துவிடும். மலைத்தோட்டத்தில் இருந்தது மாக்குலாட்டஸ் என்ற வகை. அதற்கு வெயில் வேண்டும். மலையடியில் கசிந்து ஓடும் தெளிந்த நீர் வேண்டும். காட்டை வெட்டி ஓடையைத் துப்புரவாக்கினால் அதற்குக் கல்யாண வீடுதான். ஒரு கொசுவைக் கொல்லும் வேலை இன்னொரு கொசுவை வளர்த்தது.

ஆகவே வாட்சன் வழியை மாற்றினார். மலைப் பள்ளங்களில் மண்ணுக்கு அடியில் சுட்ட மண்குழாய்களைப் பதித்து, ஓடை நீரைக் கண்ணுக்குத் தெரியாமல் ஓட வைத்தார். பத்து தீகாவுக்கு அருகே சீஃபீல்டு தோட்டத்தில் நடந்த இந்த வேலை பெயர் பெற்றது. குழாய் போட முடியாத இடத்தில் எண்ணெய் அடிக்கச் செய்தார். நீரின் மேல் எண்ணெய் படர்ந்தால் கொசுப்புழு மூச்சு முட்டிச் சாகும். வாரம் தவறாமல் அடிக்க வேண்டும். தவறினால் புழு கொசுவாகிப் பறந்துவிடும். சில பள்ளங்களில் காட்டை வெட்டாமல் நிழலாக விடுவதே நல்லது என்றும் சொன்னார். எந்தக் கொசு நோய் பரப்புகிறதோ அதன் குணம் அறிந்து, அதை மட்டும் குறிவைக்க வேண்டும். இதுதான் அவர் கண்ட வழி.

யார் காசு, யார் உழைப்பு?

இங்கே நாம் ஒன்றை மறக்கக் கூடாது. தோட்டக் கம்பெனிகள் இதற்குக் காசு கொடுத்தது நம்மவர் மேல் இருந்த பாசத்தாலா? இல்லை. வாட்சன் அவர்களிடம் கணக்குப் போட்டுத்தான் பேசினார். ஓர் ஆளைக் கடல் தாண்டிக் கொண்டுவர இவ்வளவு செலவு. அவன் படுத்துவிட்டால் பால் வெட்ட ஆள் இல்லை. அவன் செத்தால் இன்னோர் ஆளைக் கொண்டுவர வேண்டும். வடிகாலுக்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவு. இந்தப் பாஷைதான் துரைமார் காதில் ஏறியது. ஏறாத காதுகளும் இருந்தன. அந்தத் தோட்டங்களில் புதைகுழிகள் பெருகின.

இன்னொன்று. வாட்சன் வரைபடம் போட்டார், சரி. வடிகாலை வெட்டியது யார்? இடுப்பளவு சேற்றில் நின்று குழாய் பதித்தது யார்? தகரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு, அட்டை கடிக்க, வாரா வாரம் ஓடை ஓடையாக எண்ணெய் அடித்தது யார்? பெயர் எழுதப்படாத நம் தொழிலாளர்கள். வாட்சனுக்கு 1924இல் சர் பட்டம் கிடைத்தது. அவர்களுக்கு நாள் கூலி கிடைத்தது. வாட்சனின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. ஒரு நல்ல காரியத்தில் மூளைக்குப் பங்கு இருப்பதுபோலக் கைக்கும் பங்கு உண்டு என்பதற்காகச் சொல்கிறோம்.

எல்லை தாண்டிய பாடம்

வாட்சன் தாம் கற்றதைப் பூட்டி வைக்கவில்லை. 1911இல் புத்தகமாக எழுதினார். பனாமாக் கால்வாய் வெட்டிய இடத்துக்குப் போய் அங்கே நடந்த கொசு ஒழிப்பைப் பார்த்து வந்தார். அந்த அனுபவம் 1915இல் இன்னொரு புத்தகமாயிற்று. 1913இல் டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியாவிலிருந்து சுவெல்லன்கிரேபல் என்ற விஞ்ஞானி மலாயாவுக்கு வந்து வாட்சனின் வேலையைக் கண்ணால் கண்டார். திரும்பிப் போய்த் தம் வட்டாரத்துக் கொசுக்களை ஆராய்ந்து, அந்த முறைக்கு ஒரு பெயரும் கொடுத்துப் பரப்பினார். பிரிட்டிஷ்காரரும் டச்சுக்காரரும் வியாபாரத்தில் போட்டியாளர்கள். ஆனால் கொசு எந்தக் கொடியையும் மதிப்பதில்லை. அதை அறிந்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்றார்கள்.

பிறகு உலக நாடுகள் சங்கம் 1925இல் சிங்கப்பூரில் ஒரு நோய்த் தகவல் நிலையம் திறந்தது. கீழை நாட்டுத் துறைமுகங்களின் நோய்ச் செய்திகள் அங்கே வந்து சேர்ந்தன. 1934 முதல் அதே சங்கத்தின் ஆதரவில் சிங்கப்பூரில் மலேரியாப் பயிற்சி வகுப்புகள் நடந்தன. பல நாட்டு டாக்டர்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்து, பிறகு களத்துக்குப் போய்ச் சேற்றில் இறங்கிப் பழகினார்கள். வாட்சன் அதற்கு முன்பே லண்டன் போயிருந்தார். ராஸ் பெயரால் 1926இல் அமைந்த கழகத்தில் மலேரியா ஒழிப்பைக் கவனித்தார். ராஸ் 1932இல் மறைந்தபின் அதன் தலைமையை ஏற்றார். தோட்ட நிர்வாகிகளுக்கும் என்ஜினியர்களுக்கும் அங்கே வகுப்பு நடந்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கும், வட ரொடீசியா, அதாவது இன்றைய ஜாம்பியாவின் செம்புச் சுரங்கங்களுக்கும் மலாயாப் பாடம் போய்ச் சேர்ந்தது.

கைவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே நாம் அனுபவித்தோம். 1942இல் ஜப்பானியர் ஆட்சி வந்தது. எண்ணெய் இல்லை, கொய்னா இல்லை, வடிகாலைப் பார்க்க ஆள் இல்லை. தோட்டங்களில் காய்ச்சல் மறுபடி தலைதூக்கியது. சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட நம்மவர்களில் மலேரியாவுக்குப் பலியானவர்களும் எத்தனையோ பேர். நாற்பது வருஷம் கட்டியதை நாலு வருஷம் கலைத்துப் போட்டது.

மலாயாத் தோட்டத் தொழிலாளர்கள் ஒரே தேசியச் சங்கமாகத் திரண்டது 1954இல். அதற்கு அடுத்த ஆண்டு, 1955 டிசம்பரில், 82ஆம் வயதில் டாக்டர் வாட்சன் காலமானார்.

இன்றைக்கு நமக்கு என்ன?

1967இல் மேற்கு மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. வீடு வீடாக மருந்தடித்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிங்கப்பூர் 1982இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. இலங்கை 2016இலும், சீனா 2021இலும் அந்தப் பெயரை வாங்கின. மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா 2018 முதல் இல்லை. தென்கிழக்காசிய நாடுகளும் அண்டை நாடுகளும் 1996 முதல் கூட்டுப் பயிற்சி வலையம் ஒன்றை அமைத்து, களப்பணியாளர்களுக்குச் சேர்ந்து பாடம் நடத்துகின்றன. 1934இன் சிங்கப்பூர் வகுப்புக்கு இது பேரப்பிள்ளை மாதிரி.

ஆனால் கதை முடிந்துவிடவில்லை. காட்டுக் குரங்குகளிடம் இருக்கும் நோலேசி என்ற மலேரியாக் கிருமி கொசு வழியாக மனிதருக்கு வருகிறது. சபா, சரவாக்கில் அதிகம், தீபகற்பத்திலும் உண்டு, உயிரும் போகிறது. யாருக்கு வருகிறது? காட்டோரம் வேலை செய்பவனுக்கு, செம்பனைத் தோட்டத்தானுக்கு, மரம் வெட்டுபவனுக்கு. அன்று கப்பலில் வந்து இறங்கிய நம் பாட்டன் நின்ற இடத்தில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நிற்கிறார்கள். காய்ச்சல் வந்தால் வேலை போய்விடுமோ, அனுமதி போய்விடுமோ என்று பயந்து மறைக்கிறவர்களும் அவர்களில் இருக்கலாம். மறைத்தால் அவருக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து.

ஆகவே தோழர்களே, காட்டுப் பக்கம் வேலை செய்தவருக்குக் காய்ச்சல் கண்டால் கடைமாத்திரையோடு விட்டுவிடாதீர்கள். கிளினிக்குக்கு அழைத்துப் போய், காட்டோர வேலை என்பதைச் சொல்லி, மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்க்காதீர்கள். நிர்வாகத்திடம் பேசும்போது கூலியோடு குடியிருப்பையும் வடிகாலையும் பேசுங்கள். டாக்டர் வாட்சன் லயத்துப் பிள்ளைகளை ஒருவர் விடாமல் எண்ணிக் குறித்தார். இன்று தோட்டத்தில் இருக்கிற ஒவ்வோர் ஆளையும் அப்படிக் கணக்கில் சேர்க்க வேண்டியது நம் கடமை.