மெய்யே மொழியாக: நடிகர் லான் சேனி

ஒலியின்றியே உரையாடல் நிகழ்ந்த ஒரு சிறு இல்லத்திலிருந்து புறப்பட்டு, உலகறிந்த கலைஞராக உயர்ந்தவர் அமெரிக்க நடிகர் லான் சேனி. ஊமைப்படக் காலத்தில் ஆயிரம் முகம் கொண்டவர் எனப் புகழப்பட்டவர். அப்புகழுக்கு ஒப்பனைக் கலையே காரணம் என்பர் பலர். அவரது இளமையை அறிவோர்க்கு வேறொரு காரணமும் புலப்படும்.

1883 ஏப்ரல் 1ஆம் நாள் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் அவர் பிறந்தார். தந்தை பிராங்க் முடிதிருத்தும் தொழில் செய்தவர், தாய் எம்மா. இருவரும் செவிப்புலன் அற்றவர்கள். தாய்வழிப் பாட்டனார் ஜானதன் கென்னடி 1874இல் காது கேளாதோர்க்கெனக் கொலராடோவில் பள்ளி கண்டவர். எனவே, கையும் கண்ணும் முகமுமே அக்குடும்பத்தின் தாய்மொழி.

எம்மாவை மூட்டுவாத நோய் படுக்கையில் வீழ்த்தியது. மகனின் கல்வி நான்காம் வகுப்போடு நின்றது. தாயைப் பேணும் பொறுப்பேற்ற அச்சிறுவன், வெளியே கண்டவற்றையும் அண்டை அயலாரின் நடையுடை பாவனைகளையும் அவர் முன் நடித்துக் காட்டினான். நோயுற்ற தாயின் கட்டிலே அவனது முதல் அரங்கு. தாயே முதற் சுவைஞர். அந்த முகத்தில் ஒரு புன்னகையை வரவழைப்பதே அவன் பெற்ற நடிப்புப் பயிற்சி.

1902இல் தமையன் ஜானுடன் மேடையேறிய லான், நாடகக் குழுக்களோடு ஊர் ஊராக அலைந்தார். பாடகி கிளீவாவை மணந்தார். 1906இல் மகன் கிரெய்ட்டன் பிறந்தான். வறுமையும் பிணக்கும் இல்லறத்தைக் குலைத்தன. 1913 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், கணவர் பணியாற்றிய நாடக அரங்கிலேயே கிளீவா நஞ்சருந்தினார். உயிர் தப்பியது, பாடும் குரல் அழிந்தது. மணமுறிவும் ஊரார் பழிச்சொல்லும் சேனியை நாடக மேடையிலிருந்து அகற்றின. திரைப்படம் அவருக்கு வேட்கையால் வாய்த்ததன்று, புகலிடமாய் வாய்த்தது.

யுனிவர்சல் நிறுவனத்தில் சிறு வேடங்களில் ஆண்டுகள் கழிந்தன. ஊதிய உயர்வு மறுக்கப்படவே அங்கிருந்து விலகினார். 1919இல் வெளிவந்த ‘தி மிராக்கிள் மேன்’ படத்தில் முடவனாய் நடிக்கும் ஏமாற்றுக்காரன் வேடம் அவரை உயர்த்தியது. 1920இல் ‘தி பெனால்ட்டி’ படத்துக்காகக் கால்களை மடித்துக் கட்டி, முழங்கால்களால் வலியோடு நடந்தார்.

1923இல் அதே யுனிவர்சல் நிறுவனம், விக்டர் ஹ்யூகோவின் புதினத்தைத் தழுவி எடுத்த படத்தில் நாட்டர்டாம் கூனனாக அவரை நடிக்க வைத்தது. தேவாலய மணியடிக்கும் அக்கூனன் செவிப்புலன் இழந்தவன். அவ்வேடத்தின் முதுகுச் சுமையையும் முகச் சிதைவையும் ஒப்பனை தந்தது. கேளாதவனின் தனிமையையும் ஏக்கத்தையும் ஒப்பனை தரவியலாது. அவை பிறந்த வீட்டின் கொடை. 1925இல் ‘தி பாண்டம் ஆஃப் தி ஓபெரா’ அவர் புகழின் உச்சமாயிற்று. ஆயினும், அருவருக்கத்தக்க உருவத்தைக் காட்டி அச்சுறுத்துவதோடு அவர் நின்றாரல்லர். அவ்வுருவத்துள் அன்புக்கு ஏங்கும் உள்ளம் ஒன்று இருப்பதை உணர்த்தினார்.

பேசும்படம் வந்தபோது சேனி தயங்கினார். 1930இல் ‘தி அன்ஹோலி த்ரீ’ என்னும் தம் பழைய படம் ஒலியோடு மீண்டும் எடுக்கப்பட்டபோது, ஐந்து வெவ்வேறு குரல்களில் பேசினார். ஐந்தும் தம்முடையவையே என உறுதிமொழிப் பத்திரத்திலும் கையொப்பமிட்டார். அதுவே அவர் பேசிய ஒரே படம். அப்படம் வெளிவந்த சில வாரங்களிலேயே, 1930 ஆகஸ்டு 26ஆம் நாள், புற்றுநோய்க்கு இரையாகி 47ஆம் வயதில் மறைந்தார்.

இறுதி நாட்களில் குரல் அடைத்துப் போயிற்று. ஐந்து குரலில் பேசியவர், தாயின் கட்டிலருகே பழகிய சைகை மொழிக்கே திரும்பினார். சொல் கைவிட்ட பின்னும் அவருக்கு மொழி இருந்தது. சொல்லையே கருவியாகக் கொண்ட கவிஞர்களும் எண்ணிப் பார்க்கத்தக்க வாழ்வு இது. உணர்வு முதலில் மெய்யில் தோன்றுகிறது. சொல் அதன் பின்னரே வருகிறது.