ஓரெழுத்து கழன்ற பெயர்

கணக்கெழுதிப் பிழைக்கும் எங்களுக்கு, 34 வெற்றி, 1 தோல்வி என்றால் அந்த ஒன்றில்தான் கண் நிற்கும்.

டேவ் கலஹர் 1873இல் அயர்லாந்தில் பிறந்தவர். நாலு வயதில் குடும்பத்தோடு நியூசிலாந்துக்குக் கப்பலேறினார். போன இடத்தில் குடும்பப்பெயரில் ஓரெழுத்து கழன்றது. எங்கள் வீடுகளில் இது புதினமில்லை. பதின்மூன்று வயதில் தாயை இழந்து, பள்ளியை விட்டு வேலைக்குப் போனார்.

1905இல் நியூசிலாந்து றக்பி அணிக்குத் தலைவராகிக் கடல் கடந்தார். போன இடமெல்லாம் வெற்றி. டிசம்பர் 16, கார்டிஃபில் வேல்ஸ் 3-0 என வென்றது. பொப் டீன்ஸ் பந்தைக் கோட்டில் வைத்ததாகச் சொன்னார், நடுவர் ஏற்கவில்லை. அந்தச் சண்டை இன்றுவரை ஓயவில்லை. கலஹரோ வேல்ஸே சிறந்த அணி என்று ஒப்புக்கொண்டார்.

முதலாம் உலகப்போருக்கு வயதைக் குறைத்துச் சொல்லிப் போனார். 1917 ஒக்டோபர் 4 பெல்ஜியத்தில் இறந்தார். கல்லறையில் வயது 41. சரியான கணக்கு 43.