அம்பேத்கர் என்னும் தர்க்கவாதி

சட்ட மேதை, பொருளியல் அறிஞர், அரசமைப்பின் சிற்பி என்றெல்லாம் அண்ணல் அம்பேத்கரைப் போற்றுகிறோம். மெய்யியல் மாணவர் என்ற அவருடைய இன்னொரு முகம் நம் மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. அவருடைய நூல்களை ஊன்றிப் படிப்போர்க்கு அம்முகமே முதலில் தென்படும்.

1891இல் மோவ் நகரில் பிறந்த அவர், பள்ளியில் தனியே கோணிப்பையில் அமர்ந்து படித்தார். சமற்கிருதம் கற்க விரும்பியபோது தீண்டாமை குறுக்கே நின்றதால், பாரசீகத்தைப் பாடமாக எடுக்க நேர்ந்தது. எந்த சாத்திரங்கள் அவரைத் தீண்டத்தகாதவர் என்றனவோ, அவற்றை வாசிக்கும் உரிமை அவருக்கு இல்லை. பின்னாளில் அம்மொழியைத் தாமே முயன்று கற்றார்.

1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஜான் டூயியின் மெய்யியல் வகுப்புகளில் அமர்ந்தார். எந்தக் கருத்தையும் வாழ்வில் அது விளைவிப்பதைக் கொண்டே சோதிக்க வேண்டும் என்பது டூயியின் வழி. அதன் தாக்கம் அம்பேத்கரிடம் இறுதிவரை இருந்தது.

1916 மே மாதம், 25 வயதில், சாதியின் தோற்றம் குறித்து அங்கு ஒரு கட்டுரை வாசித்தார். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகியவை உயர்ந்த நெறிகளாக இருந்ததால்தான் வழக்கத்துக்கு வந்தன என்று நம்பப்பட்டது. அவர் அந்த வரிசையைத் தலைகீழாக்கினார். ஒரு குழு அகமணத்தால் தன்னை மூடிக்கொள்ளும்போது, துணையை இழந்த ஆணும் பெண்ணும் அக்குழுவுக்குச் சிக்கலாகிறார்கள். அச்சிக்கலைத் தீர்க்கவே இவ்வழக்கங்கள் தேவைப்பட்டன. புகழ்மாலைகள் பின்னர் சூட்டப்பட்டவை.

அளவையியலின் முதல் பாடம் எளியது. வாதம் என்பது எடுகூற்றுகளும் அவற்றிலிருந்து பெறப்படும் முடிவும் ஆகும். வாதத்தின் வடிவம் சரியானதாயின், எடுகூற்றுகளை ஏற்றவர் முடிவிலிருந்து தப்ப இயலாது. முடிவை மறுப்பவர் எடுகூற்றுகளில் ஒன்றையேனும் மறுத்தாக வேண்டும். சமபந்தி போதும் என்று நம்பிய சீர்திருத்தக்காரர்களிடம் 1936இல் அம்பேத்கர் காட்டிய பிழை இதுவே. சாத்திரம் புனிதமானது என்று நம்புகிறவன் சாதியைக் கடைப்பிடிப்பதில் முரண் ஏதுமில்லை. நம்பிக்கையை விட்டுவைத்து நடத்தையை மட்டும் மாற்றச் சொல்வதில்தான் முரண் இருக்கிறது.

லாகூர் மாநாட்டுக்குத் தலைமை ஏற்க அழைத்த ஜாத்-பாத்-தோடக் மண்டல், உரையில் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் மறுத்தார், மாநாடு கைவிடப்பட்டது. உரையைத் தம் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். அதுவே ‘சாதி ஒழிப்பு’. தமிழிலும் அது விரைவில் வெளிவந்தது. பெரியாரின் ‘குடி அரசு’ அப்பணியைச் செய்தது.

தர்க்கம் பயில விரும்பும் மாணவர்க்கு அந்நூலைவிடச் சிறந்த பாடநூல் எனக்குத் தெரியவில்லை. நாகரிகச் சமூகத்துக்கு வேலைப் பிரிவினை தேவை, ஆகவே சாதி தேவை என்பது எதிர்த்தரப்பின் வாதம். முதற்கூற்றை அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால், சாதி உழைப்பாளர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குகிறது. திறனைப் பாராமல் பிறப்பைக் கொண்டு தொழிலை விதிக்கிறது. ஆகவே அம்முடிவு அக்கூற்றிலிருந்து வராது. இரத்தத் தூய்மைக்காகவே சாதி என்போரிடம், உடன் உண்பதால் இரத்தம் கலக்காதே, அதை ஏன் தடுத்தீர்கள் என்று கேட்கிறார்.

விதிக்கும் கோட்பாட்டுக்கும் இடையே அவர் வரைந்த கோடும் முக்கியமானது. விதி இன்னதைச் செய் என்று ஆணையிடும். கோட்பாடு எதைச் செய்யலாம் என்று எடைபோடும் வழியைத் தரும், செய்தவனைப் பொறுப்பாளியாக்கும். மதம் என்பது கோட்பாடுகளால் ஆனதாக இருக்க வேண்டும் என்றார். தர்க்கத்தைத் துணைகொண்டு வேதத்தையும் ஸ்மிருதியையும் இகழ்பவனை விலக்கச் சொல்லும் மனுவின் விதியை எடுத்துக்காட்டி, பகுத்தறிவுக்கு அங்கு இடமில்லை என்று நிறுவினார்.

மதத்தை அதன் சிறந்த மனிதர்களைக் கொண்டே அளக்க வேண்டும் என்று காந்தி மறுமொழி எழுதினார். சிறந்தவர்கள் ஏன் இத்தனை குறைவு, தாழ்ந்தவர்கள் ஏன் இத்தனை அதிகம் என்று அம்பேத்கர் திருப்பிக் கேட்டார். இலட்சியமே தவறாக இருக்கலாம் என்ற விடையை எதிர்த்தரப்பு எண்ணிப் பார்த்தாக வேண்டியிருந்தது.

இந்தக் கூர்மையைப் பிறர் நம்பிக்கைகளின்மேல் மட்டும் அவர் பாய்ச்சவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் ஏற்றார். டிசம்பர் 6 அன்று மறைந்தார். மறுஆண்டு வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில், தாம் தேர்ந்த ஆசானின் வரலாற்றையே சோதனைக்கு உட்படுத்துகிறார். முதியவரையும் நோயாளியையும் பிணத்தையும் கண்டதால் சித்தார்த்தர் துறவு பூண்டார் என்பது மரபுக் கதை. அன்றாடம் நிகழ்பவற்றை 29 வயதுவரை ஒருவர் காணாதிருந்தார் என்பதை அறிவு ஏற்குமா என்று கேட்டு அதைத் தள்ளினார். ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் கொண்ட பிணக்கையும், சாக்கியர் சங்கத்தின் போர் முடிவைச் சித்தார்த்தர் எதிர்த்ததையும் அவ்விடத்தில் வைத்தார்.