பாக்தாதிலிருந்து வந்த வணிகர்

பம்பாய்க் கோட்டைப் பகுதியில், காலா கோடா என்னுமிடத்தில், மஞ்சள் நிறக் கல்லால் எழுப்பிய பழைய நூலகம் ஒன்று உண்டு. நம் சங்க அன்பர் பலர் அலுவலகம் செல்லும் வழியில் அதனைக் கடந்திருப்பர். உள்ளே தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்த முதியவர் ஒருவரின் சிலை நிற்கிறது. டேவிட் சசூன் என்பது அவர் பெயர். பெரும் செல்வர், கொடைவள்ளல் என்ற அளவில் அவரை அறிவோம். ஆனால், நாற்பது வயதை எட்டும் நேரத்தில், மொழி தெரியாத துறைமுகத்தில், புதிதாகக் கடை திறக்க அவரைத் தூண்டியது எது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவர் 1792-இல் பாக்தாதில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை சாலிஹ், துருக்கிய சுல்தானின் ஆட்சிக்குட்பட்ட அந்நகரின் ஆளுநர்களாகிய பாஷாக்களுக்குத் தலைமைப் பொக்கிஷதாராக விளங்கியவர். அவ்வூர் யூத மக்களின் தலைவரும் அவரே. அப்பதவி மகனுக்கே வரும் என்று எல்லோரும் எண்ணியிருந்தனர். தாவூத் பாஷாவின் ஆட்சியில் யூதர்மீது கொடுமை மிகுந்தது. செல்வர்களிடம் பணம் பறிப்பது வழக்கமாயிற்று. டேவிட்டின் உயிருக்கும் ஆபத்து நேர்ந்தமையால், இரவோடிரவாக அவர் நகரைவிட்டு வெளியேறிப் பாரசீகத்துப் புஷயர் துறையை அடைந்தார். அங்கியின் மடிப்பில் தைத்து மறைத்த முத்துக்களே அவர் கைமுதல் என்று அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வந்தனர். பின்தொடர்ந்து வந்த முதிய தந்தை புஷயரிலேயே உயிர் நீத்தார்.

1831-இல் கொள்ளை நோயும் வெள்ளமும் பாக்தாதைப் பாழாக்கின. அவ்வாண்டே தாவூத் பாஷாவும் பதவி இழந்தார். பகைவன் வீழ்ந்தபின் ஊர் திரும்பியிருக்கலாமே என நமக்குத் தோன்றும். திரும்பிச் சென்றால் மற்றொரு பாஷாவின் தயவில்தான் வாழவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். 1832-இல் மனைவி மக்களுடன் பம்பாயில் வந்து இறங்கினார்.

பம்பாயில் அவருக்கு எந்தக் கதவு திறந்திருந்தது? அரசாங்கத்தின் உயர்பதவிகள் ஆங்கிலேயர்க்கே உரியவை. அரபு, ஹீப்ரு, துருக்கி, பாரசீகம் ஆகிய மொழிகளில் வல்லவரான அவருக்கு ஆங்கிலம் வராது. இறுதிவரையில் அதை அவர் சரளமாகப் பேசவும் இல்லை. நம் முன்னோர் இந்நகருக்கு வந்தபோது பள்ளியில் கற்ற ஆங்கிலத்தையும் சுருக்கெழுத்தையும் கொண்டு வந்தனர். அதனால் அலுவலக நாற்காலிகள் அவர்களுக்குக் கிடைத்தன. நாற்காலி கிடைத்தவன் கடை திறப்பது அரிது. சசூனுக்கு நாற்காலி கிடையாது. திரும்பிப் போக ஊரும் கிடையாது. துணிவு மிகுந்து வாணிகத்தில் இறங்கினார் என்பதைவிட, வேறு வழியின்றி இறங்கினார் என்பதே பொருந்தும். மதத்தின் பெயரால் சொத்தைப் பறிக்காத சட்டமும், கடன் முறியை மதிக்கும் நீதிமன்றமும் இங்கு இருந்தன. பாக்தாதில் அவர் இழந்தவை அவையே.

கோட்டைக்குள் சிறிய கிடங்கில் தொழில் தொடங்கிற்று. இங்கிலாந்துத் துணிகளைப் பாரசீக வளைகுடாத் துறைகளுக்கு அனுப்புவதும், அங்கிருந்து வரும் சரக்குகளை வாங்குவதுமே முதல் வேலை. அத்துறைகளின் மொழியும் வழக்கமும் அவருக்கு இயல்பாய்த் தெரிந்தவை. ஆங்கிலேய வணிகர்க்கு அவை தெரியா. கிழக்கிந்தியக் கம்பெனியின் சீன வாணிக ஏகபோகம் 1834-இல் முடிவுற்றது. பார்சி வணிகர்கள் சீனத்தில் முன்னரே வேரூன்றியிருந்தனர். சசூன் அவசரப்படவில்லை, நான்கிங் உடன்படிக்கையால் சீனத் துறைகள் திறந்தபின், 1844-இல் தம் மகன் எலியாஸைக் கான்டனுக்கு அனுப்பினார்.

எட்டு ஆண்மக்கள் அவருக்கு. ஒவ்வொரு துறைக்கும் ஒரு மகன் என்னும்படி கிளைகள் பரவின. போதாத இடங்களுக்குப் பாக்தாதிலிருந்து வந்த யூத இளைஞர்களைப் பள்ளி வைத்துப் படிப்பித்துக் குமாஸ்தாக்களாக அனுப்பினார். கணக்குகளும் கடிதங்களும் ஹீப்ரு எழுத்தில் எழுதிய அரபு மொழியில் அமைந்தன. போட்டியாளர் கையில் கிடைத்தாலும் படிக்க முடியாது! சனிக்கிழமை ஓய்வுநாளன்று அலுவலகம் மூடப்படும். அயலூரில் நம்பிக்கைக்குரிய ஆள் கிடைக்காத குறையை இப்படித் தீர்த்துக்கொண்டார். அகதியாய் வந்த தம்மவர்க்குப் பிழைப்பு அளிக்க வேண்டும் என்ற எண்ணமும் இதில் கலந்திருந்தது. நிறுவனம் பெருக இதுவும் ஒரு காரணம்.

இனி, சொல்லக் கூசும் பகுதி ஒன்று உண்டு. மாளவத்து அபினி பம்பாய் வழியாகவே சீனம் சென்றது. அவ்வாணிகத்தில் சசூன் குடும்பம் பெரும்பங்கு கொண்டது; 1870-களில் முதலிடமே பெற்றது. 1858 வரை சீனச் சட்டம் அபினியைத் தடை செய்திருந்தது. கம்பெனி அரசே வரி வாங்கி அதை ஊக்கியது. அன்று பம்பாயின் மதிப்புமிக்க வணிகர் பலரும் அதில் ஈடுபட்டனர். ஆயினும், கொடுங்கோன்மையால் வீடிழந்த ஒருவர், கண்காணாத தேசத்தில் எத்தனையோ வீடுகள் அழியக் காரணமான பண்டத்தை விற்றார் என்பதை மறைத்து அவர் வரலாற்றை எழுதுதல் முறையாகாது.

1853-இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றபோது ஹீப்ரு எழுத்தில் கையொப்பமிட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் 1861 முதல் பருத்தி விலை ஏறி, பம்பாய் முழுதும் பங்குச் சூதாட்டத்தில் மூழ்கியது. 1865-இல் அச்செழிப்பு சரிந்து பலர் திவாலானபோதும் சசூன் நிறுவனம் நிலைத்து நின்றது. அச்சரிவைக் காண அவர் இல்லை. 1864 நவம்பர் 7-ஆம் நாள் பூனாவில் காலமானார்.

ஈட்டியதில் ஒரு பங்கை அறத்துக்கென ஒதுக்குவது அவர்தம் வழக்கம். பைகுல்லாவில் யூத ஜெபாலயம், பூனாவில் மருத்துவமனை என அவர் கொடை பரந்தது. முதலிற் சொன்ன நூலகத்துக்கு அவர் அளித்தது 60,000 ரூபாய். கட்டடம் 1870-இல் முடிந்தது. கொலாபாவில் மீன் விற்கும் பெண்கள் கூடும் சசூன் துறை, மூத்த மகன் அப்துல்லா 1875-இல் அமைத்தது. காலா கோடா என்ற பெயருக்குக் காரணமான குதிரைச் சிலையும் அம்மகனின் கொடையே. 1965-இல் அது இடம்பெயர்ந்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அப்துல்லா பின்னர் ஆல்பர்ட் ஆனார். லண்டனில் குடியேறி 1890-இல் பாரனெட் பட்டம் பெற்றார். உடன்பிறந்தோர் சிலரும் அங்கேயே தங்கினர்; ஆங்கிலக் கவிஞர் சீக்ஃபிரீட் சசூன் அக்குடும்பத்துக் கொள்ளுப்பேரர். பாக்தாது உடையை இறுதிவரை களையாத தந்தையோ, பூனாவில் தாம் எழுப்பத் தொடங்கி 1867-இல் நிறைவுற்ற செங்கல் ஜெபாலயத்தின் தோட்டத்தில் அடங்கியுள்ளார். அவ்வூர் மக்கள் அக்கட்டடத்தை லால் தேவள் என்று அழைக்கின்றனர்.